மாட்டினால் போதுமாம்!

அடுத்த தலைமுறை ஃபயர்வால் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் போதும், எந்த ஆப், எந்த ஆள், எந்த வைரஸ் என்று எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும், நெட்வொர்க் அட்மினின் சம்பளம் மிச்சம் என்று சிறு நிறுவனங்களுக்கு உபதேசம் செய்திருக்கிறார் ஓர் ஆலோசகர். தாலி கட்டிய கையோடு குடித்தனம் முடிந்தது என்கிற கணக்கு இது.

எல்லாவற்றையும் பார்க்குமா? இன்று இணையத்தில் போய்வருவதில் பெரும்பங்கு என்க்ரிப்ட் ஆனது. அதைப் பிரித்துப் பார்க்க டிக்ரிப்ஷனை இயக்க வேண்டும். ஃபயர்வாலின் சான்றிதழை ஒவ்வொரு கணினியிலும் ஏற்ற வேண்டும். பிரித்தால் முரண்டு பிடிக்கும் ஆப்களுக்கு விலக்கு எழுத வேண்டும். இதெல்லாம் செய்தால் பெட்டியின் வேகம் சரியும். டேட்டாஷீட்டில் கொட்டை எழுத்தில் இருந்த எண்ணை நம்பி வாங்கியவர் அப்போதுதான் விழிப்பார். ஆலோசகர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸிடம் அப்படிப் பிரித்துச் சோதிக்கும் கருவி இருந்தது. அதன் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்களாகியும் யாரும் புதுப்பிக்கவில்லை. 2017-ல் திருடர்கள் 76 நாள் உள்ளே உலவினார்கள். ஜூலை 29 அன்று சான்றிதழை மாற்றியதும் திருட்டு கண்ணில் பட்டது. அதற்குள் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயிருந்தன. ஒரு தேதியைக் கவனிக்க ஆளில்லாததற்குக் கொடுத்த விலை அது.

மாட்டியபின் தொட வேண்டியதில்லை என்பது அவர் உதிர்த்த அடுத்த முத்து. ஃபயர்வால் நிறுவனமான ஃபோர்டிநெட் தன் விபிஎன் ஓட்டை ஒன்றுக்கு 2019 மே மாதமே பேட்ச் வெளியிட்டது. பேட்ச் போடாதவர்களும், போட்டும் பாஸ்வேர்டை மாற்றாதவர்களும் 2021 செப்டம்பரில் மாட்டிக்கொண்டார்கள்: சுமார் 87,000 கருவிகளின் விபிஎன் பாஸ்வேர்டுகள் கசிந்தன. 2024 ஏப்ரலில் இன்னொரு ஃபயர்வால் நிறுவனமான பாலோ ஆல்டோவின் குளோபல்ப்ரொடெக்ட் விபிஎன்னில் வெளிப்பட்ட ஓட்டைக்கு அபாய மதிப்பெண் 10-க்கு 10. பாஸ்வேர்டே இல்லாமல் ஃபயர்வாலுக்குள் ரூட் அதிகாரத்தோடு நுழைய முடிந்தது. இதைக் கேள்விப்பட்டு, அன்றிரவே அப்டேட் போடுவது யார்? அவர் சம்பளத்தைத்தான் மிச்சம் பிடித்தாகிவிட்டதே!

பில்லிங் சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று போன் வந்ததும் தற்காலிகமாகப் போடப்படும், யாரையும் எங்கும் அனுமதிக்கும் ‘எனி-எனி அலவ்’ ரூல் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். அதன் பின்னால் எத்தனை லட்சம் ரூபாய்ப் பெட்டி நின்றாலும் அது திறந்த வீடுதான்.

சட்டமும் ஆலோசகரின் பக்கம் இல்லை. சைபர் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்கிறது இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு. சிறிய மாடல்கள் பலவற்றில் லாக்கைச் சேமிக்க டிஸ்க்கே கிடையாது. தனி சர்வருக்கு அனுப்பி, தினமும் பார்க்க ஆள் வேண்டும்.

பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள். ஆனால் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: ஆறு மாதம் கழித்து ரூல்களைச் சரிபார்ப்பவர் யார், பேட்ச் போடுபவர் யார்? பதிலில் ஒரு மனிதரின் பெயர் வரவில்லை என்றால் கொட்டேஷனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.