ஒட்டாமல் போனது யார் குற்றம்?

அணி மாறிய நட்சத்திர வீரர் புது இடத்தில் தடுமாறினால் தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது: திமிர் பிடித்தவர், சுயநலக்காரர், ஆட்டம் தீர்ந்துபோனவர். உண்மையான திறமைசாலியை எந்த அணியில் இறக்கினாலும் ஜொலிப்பான் என்ற நம்பிக்கையிலிருந்துதான் இந்தத் தீர்ப்பு பிறக்கிறது. கூடைப்பந்தை ஆண்டுக்கணக்கில் பார்த்துவருகிறவர்களே இதைச் சொல்வதுதான் ஆத்திரமூட்டுகிறது. இது பொய். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை இந்தப் பொய் குதறியிருக்கிறது.

2016-17 பருவத்தில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்கு ஆடிய அவர், ஆட்டத்துக்குச் சராசரியாக 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட் எடுத்து எம்விபி விருது வென்றார். பருவம் முழுக்க இந்த மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி, 1961-62இல் ஆஸ்கர் ராபர்ட்சனுக்குப் பிறகு அதுவரை யாருக்கும் கைகூடாதது. 2021இல் வாஷிங்டன் விசார்ட்ஸ் அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு டிரேட் செய்தது. லெப்ரான் ஜேம்ஸ், ஆந்தனி டேவிஸ், இப்போது இவரும். கோப்பை கைக்கு வந்த மாதிரிதான் பேசினார்கள். முடிவில் 33 வெற்றி, 49 தோல்வி. பிளே-இன் சுற்றுக்குக்கூடத் தகுதி பெறவில்லை. பழி மொத்தமும் வெஸ்ட்புரூக் தலையில் இறங்கியது. அவர் வளர்ந்த நகரத்தின் அரங்கமே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தது. குடும்பப் பெயரைத் திரித்துக் கேலிப்பெயர் ஆக்கினார்கள். கொலை மிரட்டல் வருகிறது என்று அவர் மனைவி வெளிப்படையாகச் சொல்லும் நிலை வந்தது.

கோர்ட்டில் நடந்தது என்ன? பந்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு முழு வேகத்தில் வளையத்தை நோக்கிப் பாய்வதும், தடுப்பவர்கள் தன்மேல் குவிந்ததும் ஆளில்லாமல் நிற்பவருக்குப் பந்தைத் தள்ளுவதும்தான் வெஸ்ட்புரூக்கின் பலம். லேக்கர்ஸில் அந்த வேலை ஏற்கெனவே லெப்ரானுடையது. இருப்பதோ ஒரே பந்து. ஆகவே பல நேரம் இவர் ஓரத்தில் நின்று மூன்று புள்ளி எறிய வேண்டியவரானார். அந்தப் பருவத்தில் அதில் அவர் வெற்றி விகிதம் 29.8 சதவீதம். எதிரணிகள் சும்மா இருக்குமா? இவரை விட்டுவிட்டு, இவரைக் காக்க வேண்டிய ஆளையும் வளையத்தடிக்கு இழுத்து லெப்ரானுக்கும் டேவிஸுக்கும் வழியடைத்தார்கள்.

இது யாருடைய குணக்கேடு? இவரை வாங்குவதற்காக நிர்வாகம் கைல் குஸ்மாவையும் கென்டேவியஸ் கால்டுவெல்-போப்பையும் மான்ட்ரெஸ் ஹாரெலையும் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வையும் கொடுத்தது. கால்டுவெல்-போப் அதற்கு முந்தைய பருவத்தில் மூன்று புள்ளி எறிதலில் 41 சதவீதம் எடுத்தவர். லெப்ரானுக்கு இடம் விரித்துத் தந்தவரை அனுப்பிவிட்டு, இடத்தைச் சுருக்கும் ஆட்டக்காரரைக் கொண்டுவந்தார்கள். தடுப்பாட்டத்தின் தூணான அலெக்ஸ் கருசோவையும் அதே கோடையில் சிகாகோவுக்குப் போகவிட்டார்கள். பிறகு டேவிஸ் 40 ஆட்டம், லெப்ரான் 56 ஆட்டம் மட்டுமே ஆட முடிந்தது. மூவரும் சேர்ந்து களமிறங்கியவை வெறும் 21. வெஸ்ட்புரூக் 78 ஆட்டம் ஆடினார். வசை வாங்கியவர் அவர்தான்.

இதே லேக்கர்ஸுக்கு அணி மாறி வந்த பாவ் கசோல் உடனேயே ஆடிக்காட்டவில்லையா என்று கேட்பார்கள். ஆடினார். 2008 பிப்ரவரியில் அவர் லேக்கர்ஸுக்கு வந்தபோது சென்டர் ஆண்ட்ரூ பைனம் காயத்தில் வெளியே இருந்தார். இடம் காலியாக இருந்தது. பயிற்சியாளர் பில் ஜாக்சனின் முக்கோண ஆட்டமுறைக்கு, நன்றாகப் பாஸ் கொடுக்கும் உயரமானவர் தேவைப்பட்டார். கசோலின் கையில் அந்தத் திறமை இருந்தது. அவர் மேன்மையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவருக்குக் காத்திருந்த வேலை வெஸ்ட்புரூக்குக்குக் காத்திருக்கவில்லை.

வெஸ்ட்புரூக்கை 2023 பிப்ரவரியில் அனுப்பிய பிறகுதானே லேக்கர்ஸ் மேற்குப் பிரிவு இறுதி வரை போனது என்பது அடுத்த வாதம். அந்தக் குளிர்காலத்தில் டி'ஆஞ்சலோ ரஸ்ஸல், ஜாரெட் வாண்டர்பில்ட், மலிக் பீஸ்லி, ரூயி ஹசிமுரா எனப் பாதி அணியே புதிதாக வந்ததை இவர்கள் சொல்வதில்லை. 2021இல் தூக்கி எறிந்த துணை வீரர் பலத்தை நிர்வாகம் திரும்ப வாங்கியது. அதற்கான பாராட்டு நிர்வாகத்துக்கு, முந்தைய அழிவுக்கான பழி மட்டும் வீரருக்கா?

2023 ஏப்ரலில் அதே நகரத்தின் மற்றொரு அணியான கிளிப்பர்ஸுக்கு வெஸ்ட்புரூக் ஆடினார். ஃபீனிக்ஸ் சன்ஸுக்கு எதிரான பிளே-ஆஃபின் முதல் ஆட்டத்தில் அவர் 19 முறை எறிந்ததில் 3 மட்டுமே விழுந்தன. லேக்கர்ஸ் சட்டையில் இருந்திருந்தால் அன்றிரவே தூற்றியிருப்பார்கள். ஆனால் 11 ரீபவுண்ட் பிடித்தார், 8 அசிஸ்ட் கொடுத்தார், கடைசி நொடிகளில் சன்ஸின் டெவின் புக்கரின் எறிதலைத் தடுத்தார். கிளிப்பர்ஸ் 115-110 என்று வென்றது. நான்காவது ஆட்டத்தில் 37 புள்ளி எடுத்தார். தொடரைக் கிளிப்பர்ஸ் இழந்தது உண்மைதான். அந்த அணியின் நட்சத்திரங்களில் பால் ஜார்ஜ் ஓர் ஆட்டமும் ஆடவில்லை, கவாய் லெனார்ட் இரண்டோடு காயத்தில் விழுந்தார். திமிர் பிடித்தவர், தீர்ந்துபோனவர் என்று எழுதியவர்கள் இந்த ஐந்து ஆட்டங்களை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?