மூன்றாம் நாள் இரவு

தொடை எலும்பு முறிந்து சேர்ந்தவர். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் இரவு, போர்வையிலிருந்து எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். உடம்பெல்லாம் வியர்வை, நாடி 130. காலையில் நம்மை அழைக்கும்போது இரண்டு கைகளும் பேண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டப்பட்டிருக்கின்றன. கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று ஒரு வரி. மனைவியிடம் விசாரித்தால், “தினமும் ரெண்டு குவார்ட்டர் சார். யாரும் கேக்கல” என்கிறார்.

இப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம்! மது விலகலுக்குக் கணக்கான கடிகாரம் உண்டு. கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு, 48 முதல் 96 மணி நேரத்துக்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ். முன்கூட்டியே தெரிந்திருந்தால் லோராசெபாமோ டயஸெபாமோ தொடங்கியிருக்கலாம். வலிப்பு வந்ததும் ஃபெனிட்டோயின் ஏற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. விலகல் வலிப்பு மறுபடி வராமல் தடுக்க அது உதவாது. வலிப்பு ஒரு பக்கமாக வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ சி.டி. எடுக்காமல் ‘குடிதான் காரணம்’ என்று முடித்துவிடக் கூடாது.

என்னை அதிகம் வருத்துவது தயமின். சரியாகச் சாப்பிடாமல் குடித்தவருக்கு முதல் நாளே டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஓடுகிறது, தயமின் இல்லாமல். மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் அந்தக் குளுக்கோஸே தின்றுவிடும். குழப்பம், கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருந்தால், தயமின் குறைவால் வரும் வெர்னிக்கி மூளைநோயைத் தவறவிடுவோம். 1986இல் ஹார்ப்பர் குழுவினர் பிரேதப் பரிசோதனையில் உறுதியான 131 பேரின் குறிப்புகளைப் புரட்டியபோது, மூன்றும் இருந்தது 16 விழுக்காட்டினருக்கே. சந்தேகம் வந்தாலே சிரை வழியாகத் தயமின் 500 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. மாத்திரை போதாது, குடித்துப் புண்ணான குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. சர்க்கரை தாழ்ந்து கிடப்பவருக்குக் குளுக்கோஸைத் தாமதிக்க வேண்டாம், இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். மக்னீசியத்தையும் பாருங்கள், அது குறைந்திருந்தால் தயமின் ஏறியும் பயனில்லை. விட்டுவிட்டால் மிஞ்சுவது கோர்சகோஃப்: எலும்பு கூடி வீடு திரும்பியவருக்குக் காலையில் சாப்பிட்டோமா என்பது நினைவில் நிற்காது.

சேர்க்கும் படிவத்தில் ஒரு வரி போதும். “குடிப்பீங்களா?” என்று உறவினர் முன்னால் கேட்டால் “இல்ல சார்” என்றுதான் பதில் வரும். திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, “கடைசியா எப்போ குடிச்சீங்க?” என்று கேளுங்கள். பெரும்பாலும் மணியோடு சொல்வார்கள்.