ஒரே ஃபோல்டர், ரெண்டு ஆப்: அப்சிடியனும் லாக்சீக்கும் ஒத்துப்போகுமா?

மீட்டிங் குறிப்பு, வீட்டுக் கணக்கு, படித்த கட்டுரையின் சுருக்கம் என எல்லாவற்றையும் நோட்ஸ் ஆப்பில் போட்டு வைப்பவர்களுக்கு அப்சிடியன், லாக்சீக் என்ற ரெண்டு பெயர்களும் புதிதல்ல. நாள் முழுக்கச் சின்னச் சின்னதாகக் குறித்துக்கொள்ள லாக்சீக் செம வசதி. உட்கார்ந்து நீளமாக எழுத அப்சிடியன்தான் சரி. ரெண்டுமே குறிப்புகளை மார்க்டவுன் எனப்படும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாக நம் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கின்றன. அப்புறம் என்ன, ஒரே ஃபோல்டரை ரெண்டிலும் திறந்துவிடலாமே?

திறக்கலாம். முதல் நாள் எல்லாம் அழகாகவே தெரியும். இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்ட லிங்க் ரெண்டிலும் வேலை செய்யும். செட்டிங்ஸைத் தனித்தனி ஃபோல்டரில் வைப்பதால் அதிலும் மோதல் இல்லை.

வில்லங்கம் மெதுவாகத்தான் வரும். லாக்சீக்குக்கு எல்லாமே புல்லட் பாயின்ட். அப்சிடியனில் பாரா பாராவாக எழுதிய கட்டுரையை லாக்சீக்கில் திறந்து லேசாகத் திருத்தினாலும், பாராக்களின் தலையில் சிறு கோடு வந்து உட்கார்ந்துவிடும். தினக்குறிப்பிலும் இதே கதை. வழக்கமான செட்டிங்ஸில் லாக்சீக் 2025_01_15 என்று ஃபைலுக்குப் பெயர் வைக்கும், அப்சிடியனோ 2025-01-15 என்று வைக்கும். விளைவு, ஒரே நாளுக்கு ரெண்டு ஃபைல். அப்சிடியனின் செட்டிங்ஸில் தேதி வடிவத்தையும் ஃபோல்டரையும் மாற்றினால் இது தீர்ந்துவிடும்.

தீராதது ஒன்று உண்டு. லாக்சீக்கில் ஒரு வரியை இன்னொரு பக்கத்தில் மேற்கோளாகக் காட்டினால், ஃபைலுக்குள் பதிவாவது அந்த வரி அல்ல, நீளமான ஓர் அடையாள எண். லாக்சீக் அதை வரியாக மாற்றிக் காட்டும். அப்சிடியனில் வெறும் எண்ணும் எழுத்துமாகத்தான் தெரியும். ஃபைல் நம்முடையதுதான், ஆனால் அதற்கு அர்த்தம் சொல்ல அந்த ஆப் வேண்டும்.

அதனால் ஜோடி சேர்ப்பவர்கள் எல்லை பிரித்துக்கொள்வதே நல்லது. தினக்குறிப்பில் லாக்சீக் மட்டும் எழுதட்டும், நீண்ட கட்டுரைகளில் அப்சிடியன் மட்டும். அடுத்தவர் எல்லைக்குள் படிக்கலாம், தேடலாம், கை வைக்கக் கூடாது. ஒரே ஃபைலை ரெண்டிலும் ஒரே நேரத்தில் திறந்து டைப் செய்வது வம்பை விலை கொடுத்து வாங்குவது.

இதைவிடப் பெரிய விஷயம் லாக்சீக்கின் புதிய பாதை. குறிப்புகளை மார்க்டவுன் ஃபைல்களுக்குப் பதில் டேட்டாபேஸில் வைக்கும் பதிப்பை அது உருவாக்கியிருக்கிறது. வேகத்துக்கு அது உதவலாம். ஆனால் அந்தப் பதிப்புக்கு மாறினால், ஒரே ஃபோல்டரை ரெண்டு ஆப்பும் பகிரும் ஏற்பாடு முடிந்தது, எக்ஸ்போர்ட் செய்துதான் எடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், லாக்சீக் ஓப்பன் சோர்ஸ், அப்சிடியன் அப்படியல்ல. லைசென்ஸை மட்டும் பார்த்து ஆப்பைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது இடிக்கும். பத்து வருஷக் குறிப்புகளைக் கையில் வைத்திருப்பவர், ஆப் யாருடையது என்பதைவிட ஃபைல் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சோதிப்பது சுலபம். ஃபோல்டரைக் காப்பி எடுத்து, அதில் பழைய குறிப்பு ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். படித்ததும் புரிந்தால் ரெண்டாவது ஆப்பைத் தாராளமாக இன்ஸ்டால் செய்யலாம்.