விளக்கைப் பிடுங்கியவர் வெளியே, வண்டியை ஓட்டியவர் சிறையில்

லாரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து மனிதர்கள் மீது ஏறினால், மறுநாள் செய்தி ‘ஓட்டுநர் கைது’ என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த லாரியின் பிரேக்கைப் பராமரித்தவர் யார், சோதித்தவர் யார், தகுதிச் சான்றில் கையொப்பமிட்டவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேரைச் சாலைகளில் பலிகொடுத்த நாடு இது. ஒன்றிய அரசே வெளியிட்ட கணக்கு இது.

ஏ.பி.எஸ். என்பது ஆடம்பரப் பொருளன்று. அவசரத்தில் பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காதபடி, அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும் கருவி அது. ஈரச் சாலையில் பாரம் ஏற்றிய லாரியின் திசைமாற்றி ஓட்டுநரின் கைக்குக் கட்டுப்படுவது அதனால்தான். புதிய கனரக லாரிகளிலும் பேருந்துகளிலும் 2015 முதல் இது கட்டாயம்.

ஆனால் பழுதான சென்சாரை மாற்றப் பணம் வேண்டும். அதனினும் மேலாக, வண்டி ஒரு நாள் ஓடாமல் நிற்க வேண்டும். ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போயிற்று. எனவே பழுது அப்படியே விடப்படுகிறது, ஃபியூஸ் பிடுங்கப்படுகிறது. ஓட்டுநரின் கண்முன் எரியும் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தால், அந்த விளக்கும் பிடுங்கப்படுகிறது.

எஃப்.சி. சோதனையில் இது பிடிபடாதா? உருளைமேல் சக்கரத்தை ஏற்றிப் பிரேக்கின் வலிமையை அளக்கும் இயந்திரம் மணிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில்தான் சுழல்கிறது. அந்த வேகத்தில் ஏ.பி.எஸ். இயங்குவதே இல்லை. ஆகவே ஏ.பி.எஸ். செத்துப்போன வண்டியும் தேர்ச்சி பெற்றுவிடும். எச்சரிக்கை விளக்கு ஒன்றே சாட்சி. சாவி திருப்பியதும் அது எரிந்து அணைகிறதா என்று பாராத சோதனை, சோதனையே அன்று.

இந்த ஓட்டையை அடைக்க வேண்டிய அரசு செய்தது என்ன? 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தித் தானியங்கிச் சோதனை நிலையங்களைக் கட்டாயமாக்க வழிகோலியது; 2021-இன் விதிகளால் அவற்றைத் தனியாருக்கும் திறந்துவிட்டது. இயந்திரம் வருவதை நாம் எதிர்க்கவில்லை. சோதிக்கப்படும் வண்டியின் உரிமையாளர் தரும் கட்டணத்தில் இலாபம் காணும் நிறுவனம், அவரையே திருப்பி அனுப்பும் என்று நம்பச் சொல்வதை எதிர்க்கிறோம்.

சட்டத்தின் தராசைப் பாருங்கள். அலட்சியத்தால் மரணம் விளைவித்த ஓட்டுநருக்கு நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவு ஐந்தாண்டுச் சிறை வரை விதிக்கிறது. தகவல் தராமல் சென்றால் பத்தாண்டு என்ற உட்பிரிவை, 2024 சனவரியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே அரசு நிறுத்தி வைத்தது. பழுது தெரிந்தே வண்டியைச் சாலையில் ஓடவிட்ட உரிமையாளருக்கோ மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு. முதல் குற்றத்திற்கு 1,500 ரூபாய் அபராதம், காயம் விளைந்தால் மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய்.

‘ஒற்றை லாரி வைத்துக் கடனில் உழல்பவர் என்ன செய்வார்?’ என்பர். நியாயமான கேள்வி. பதினைந்து ஆண்டு கடந்த கனரக வண்டியின் சான்றைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2021 அக்டோபர் அறிவிக்கையில் 12,500 ரூபாயாக உயர்த்திய அரசிடம்தான் அதைக் கேட்க வேண்டும். பிரேக்குக்குச் செலவிட வேண்டிய பணத்தைச் சான்றுக்குப் பறிப்பது எவ்வகைப் பாதுகாப்பு?

நமது கோரிக்கைகள் தெளிவானவை. வாகனச் சோதனை பொதுத்துறையிலேயே இருக்க வேண்டும்; ஆய்வாளர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். ஒவ்வொரு எஃப்.சி.யிலும் ஏ.பி.எஸ். மின்னணுக் கருவியால் சோதிக்கப்பட வேண்டும். சிறு உரிமையாளருக்குப் பழுதுநீக்கக் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். விபத்து வழக்கில் உரிமையாளரும் சான்றளித்தவரும் விசாரிக்கப்பட வேண்டும். அனைத்துக்கும் மேலாக, பழுதான வண்டியை எடுக்க மறுக்கும் ஓட்டுநருக்கு அன்றைய கூலியும் வேலையும் உறுதி செய்யப்பட வேண்டும். மறுக்கும் உரிமை இல்லாதவர் மீது முழுப் பழியையும் சுமத்துவது நீதியன்று.