பயிற்சிக்கு வராதது யார் குற்றம்?

2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. அதையொட்டிய ராயபுரத்து மொட்டை மாடிகளில் கரித்தூள் குறைந்தது. கரி எண்ணூருக்குப் போனது. அங்கே அனல் மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே இருந்தது. இப்படித் தூசியோடு வாழும் வடசென்னையின் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளியிடம், 'வாரம் இரண்டு நாள், இரண்டு மாதம் மூச்சுப் பயிற்சிக்கு வாருங்கள்' என்றால் என்ன செய்வார்? பயிற்சி பலன் தரும், சந்தேகமில்லை. நடை, காலுக்கு வலு, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடுவது என்று பழகினால் மூச்சு வாங்குவது குறையும். ஆனால் காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவருக்கு ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அவர் நின்றுவிட்டால் 'ஒத்துழைக்கவில்லை' என்று மருத்துவக் குறிப்பில் எழுதிவிடுகிறோம், அவ்வளவுதான்! இன்ஹேலரிலும் இதே கதைதான்: அதை அழுத்திய கையோடு மூச்சை விட்டுவிடுபவர்கள் எத்தனை பேர்! பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும் என்று நெரிசலான புறநோயாளி பிரிவில் யார் பொறுமையாகச் சொல்லித்தருவது? 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீடு தேடி வருகிறார். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மூச்சுப் பயிற்சியையும் அவர் வேலையில் சேர்த்துவிடுங்கள். சுகாதாரத்துறை மனது வைத்தால் முடியும்.