கூலண்ட் கலரைப் பார்த்து வாங்காதீங்க

1/
போன டிசம்பர். கொல்லிமலை. எங்களுடைய 18 வருஷப் பழைய டீசல் வேன். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, படுக்கையும் கேஸ் அடுப்பும் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டி.

70 கொண்டை ஊசி வளைவும் ஏறி நிறுத்தினோம். ஆறு வயசு மகள் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தண்ணி பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்துவிட்டு, "அப்பா, ரோஸ்மில்க்கா?" என்றாள்.

பாய்ந்து பிடுங்கினேன். உள்ளே இருந்தது மிச்சம் வைத்த கூலண்ட். அந்த பாட்டிலில் ஊற்றி வைத்தது வேறு யாருமில்லை, டாக்டராகிய நான்தான்.

2/
பெரும்பாலான கூலண்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும். உள்ளே போனதும் கல்லீரல் அதை அமிலங்களாக மாற்றும். கடைசியில் ஆக்ஸலேட் படிகங்கள் சிறுநீரகத்தை அடைத்துவிடும்.

சின்னக் குழந்தைக்கு சில வாய் போதும், உயிருக்கே ஆபத்து. முதல் சில மணி நேரம் வெறும் போதை மாதிரிதான் தெரியும். "நல்லாத்தானே இருக்கான்"னு காத்திருக்காதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. பாட்டிலையும் கையோடு எடுத்துக்கிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. மாற்று மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு. சீக்கிரம் வந்தால் காப்பாற்றலாம்.

3/
"அதுக்குத்தான் டாக்டர், நாங்க பச்சைத்தண்ணியே ஊத்துறோம்" என்பீர்கள்.

அதுவும் தப்பு. போர்வெல் தண்ணியில் உள்ள கால்சியம் சூட்டில் உப்பாகப் படியும். வீட்டு கீசரில் பார்த்திருப்பீங்களே, அதேதான். பழைய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும், உள்ளே துரு பிடிக்கும். அப்புறம் மலை ஏறும்போது இன்ஜின் கொதிக்கும்.

4/
கூலண்ட் என்பது வண்டிக்கு மருந்து. சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம்.

மருந்து: பச்சை, சிவப்பு, பிங்க் என்ற கலரை நம்பாதீங்க. மாத்திரை கலரைப் பார்த்தா மருந்து கண்டுபிடிக்கிறோம்? அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டி மேனுவலில் எந்த வகை என்று போட்டிருக்கோ அதுதான். செம்பு, பித்தளை ரேடியேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் சிலிக்கேட் சேர்த்த பழைய வகைதான் சொல்லியிருப்பார்கள். இரண்டு வகையைக் கலந்தால் துருத் தடுப்பு கெடும், சில நேரம் கூழ் மாதிரி திரளும். உள்ளே என்ன இருக்குன்னு தெரியலையா? முழுசா வடித்து, கழுவி, புதுசாக நிரப்புங்க.

அளவு: கான்சன்ட்ரேட் வாங்கினால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்"னு அப்படியே ஊத்தாதீங்க. தண்ணீர்தான் சூட்டை நன்றாகக் கடத்தும். ரெடிமிக்ஸ் என்றால் தண்ணியே வேண்டாம்.

நேரம்: பழைய வகைக்குப் பொதுவாக 2 வருஷம். ஆர்கானிக் ஆசிட் வகைக்கு 5 வருஷம் வரை. வண்டி ஓடாமல் நின்றாலும் இந்தக் கணக்குதான்.

5/
மாதம் ஒருமுறை, காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது டேங்க்கில் அளவு பாருங்க. பழுப்பு நிறமா? துரு. வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலே குறையுதா? சைலன்சரில் வெள்ளைப் புகை, ஆயில் மூடியில் பால் மாதிரி படிவு இருக்கான்னு பாருங்க. இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும். மெக்கானிக்கிடம் காட்டுங்க, டாப்-அப் பண்ணித் தள்ளிப் போடாதீங்க.

6/
கொதிக்கும் வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டிய திரவம் இருக்கும். திறந்ததும் முகத்தில் பீய்ச்சும். அப்படி வெந்த முகங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். மேல் குழாய் கைக்கு ஆறும்வரை காத்திருங்க. அரை மணி நேரம் போனால் போகட்டும்.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். டூத் பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம்.

7/
வடித்த கூலண்ட்டைச் சாக்கடையில், ரோட்டோரம் ஊற்றாதீங்க. நாய், பூனை இனிப்புக்கு நக்கிச் சாகும். தனி கேனில் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்க.

8/
"இதுல என்ன டாக்டர், ஜாக்கிரதையா இருந்தா போதாதா?" என்று கேட்கலாம். விஷம் என்று படித்துப் பாஸானவன் நான். எனக்கே ஜாக்கிரதை போதவில்லை. அதனால் என் கருத்து இதுதான்: படுத்து, சமைத்து, குழந்தையோடு வாழும் வண்டியில் மிச்ச கூலண்ட் அதன் சொந்த கேனில், லேபிளோடு, பூட்டுக்குள் மட்டும்தான் இருக்கணும். முடியாவிட்டால் வண்டியில் வேண்டவே வேண்டாம்.

இதைப் படிச்சதும் ஒரு நிமிஷம் எழுந்து போய் உங்கள் சீட்டுக்கு அடியில் பாருங்க.