கார்டு சும்மா இருந்தது

அக்கா மகன் ஒரு வருடம் காசு சேர்த்து, ரிச்சி தெருவில் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தான். பழைய ஜிடிஎக்ஸ் 1650-ஐக் கழற்றிவிட்டு மாட்டினான். இரண்டாம் நாளே போன். "மாமா, வாலரன்ட்ல அதே எஃப்.பி.எஸ்.தான் வருது. சண்டை வந்தா 90-க்கு இறங்கிடுது. கார்டு டூப்ளிகேட்டா?"

போய் உட்கார்ந்தேன். ஆட்டம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். கார்டு 40 சதவீதம். ப்ராசஸர் 100-ஐ ஒட்டி நின்றது. அது 2017-இல் வந்த ஐ5 7400. நான்கு கோர், நான்கே த்ரெட்.

கார்டில் குற்றமில்லை. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது என்று ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கணக்குப் போட்டு, 'இதை வரை' என்று சொல்வது ப்ராசஸர். வரைவதுதான் கார்டின் வேலை. அவனுடைய மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். ஒரு ஃப்ரேமுக்கு 7 மில்லிசெகண்டுகூட இல்லை. அதற்குள் உத்தரவு வரவில்லையென்றால் எந்தக் கார்டும் காத்துத்தான் கிடக்கும்.

அதே கணினியில் சைபர்பங்க் 2077 ஆட்டத்தை, கார்டைப் பிழிந்தெடுக்கும் பாத் டிரேசிங்கோடு போட்டுக் காட்டினேன். ஆட முடியாத வேகம்தான். ஆனால் கார்டு 98-க்கு ஏறிவிட்டது, ப்ராசஸர் மூச்சுவிட்டது. பையனுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஜாதகம் பார்ப்பதுபோல 'இந்த ப்ராசஸருக்கு எந்தக் கார்டு பொருந்தும்' என்று கேட்கிறார்கள். ஆடும் ஆட்டத்தையும் மானிட்டரையும் சொல்லாமல் அதற்குப் பதிலே கிடையாது. 1080பி திரையில் சுமார் 20 லட்சம் பிக்சல், 4கே-யில் 83 லட்சம். கார்டின் சுமை பெருமளவு கூடும். ப்ராசஸரின் கணக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும். 4கே-யில் கதை ஆட்டம் ஆடுபவர் கார்டில் பணத்தைப் போடலாம். 1080பி-யில் வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுபவர் ப்ராசஸரில் கஞ்சத்தனம் பண்ணவே கூடாது.

அவனுடைய பழைய மதர்போர்டு ஏழாம் தலைமுறைக்கு மேல் ஏற்காது. அதனால் ரைசன் 5 5600-உம் பி550 போர்டும் வாங்கினோம். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். பழைய டிடிஆர்4 ரேமையே எடுத்து மாட்டியதில் ஒரு செலவு மிச்சம். இப்போது சண்டையிலும் 144-க்குக் கீழே இறங்குவதில்லை.

கடைக்குக் கிளம்புமுன், ஃப்ரேம் வேகத்தை மானிட்டரோடு கட்டிப்போடும் வி-சிங்கை அணைத்துவிட்டு, நீங்கள் தினமும் ஆடும் ஆட்டத்தை அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கார்டு 95-க்கு மேலேயே நின்றால் கார்டை மாற்றுங்கள். பாதியில் நின்றால் பழைய கார்டே இருக்கட்டும். முதலில் ப்ராசஸரைப் பாருங்கள்.